ஒரே அடுப்பு

வடிவுக்கு அன்றைக்கு இருந்த முதல் வேலை, அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் வேனில் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்வது. அண்ணன் ஏகாம்பரத்தின் குடும்பம் நரேலாவிலிருந்து விடியக்காலையில் புறப்பட்டு வந்து, முனிர்காவில் வடிவு குடியிருந்த சந்தின் வாசலில் நின்றது. தம்பி ஐயப்பனின் குடும்பம் சங்கம் விஹாரிலிருந்து வந்து தெருவின் எதிர்ப்பக்கம் நின்றது. நடுவில் வேன். டிரைவர் "ஜல்தி, ஜல்தி" என்று ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி கோவிந்தம்மாளை வடிவு முன்சீட்டில் ஏற்றினாள். தம்பி பெண்டாட்டி உஷாராணியைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினாள். அண்ணன் ஒரு ஜன்னல், தம்பி ஒரு ஜன்னல். புளிச்சோற்றுக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் தான் உட்கார்ந்தாள். குண்டான் இன்னும் சுட்டது. முந்தின நாள் லோதி ரோட்டில் மூன்று குவார்ட்டர்ஸில் சமையல் வேலை முடித்து வந்து, இரவே புளிக்காய்ச்சல் கிண்டி வைத்து, விடியுமுன் சோறு வடித்துக் கிளறியது. உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு. அது தம்பிக்கு. வறுத்த வேர்க்கடலை தனியாக ஒரு டப்பாவில். அது அண்ணனுக்கு.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. நடுவில் பிறந்த பாவத்துக்கு இரண்டு வீட்டு வசவும் வடிவின் காதில்தான் விழும். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவளுக்கு வேறு என்ன ஜோலி என்று இரண்டு வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள் போல.

சண்டை என்றால் வெட்டுக்குத்து ஒன்றுமில்லை. எல்லாரும் முன்பு பெரிய சாக்கடை ஓரத்து ஜுக்கிக் குடிசைகளில் சுவரோடு சுவராக இருந்தவர்கள். ஜுக்கிகளை இடித்துவிட்டு நரேலாவில் மாடிவீடு தருவதாகச் சொல்லிக் கணக்கெடுக்க ஆள் வந்த அன்று, ஐயப்பன் பெயிண்ட் அடிக்க நொய்டா போயிருந்தான். வாசலில் நின்றவர் ஏகாம்பரம். வந்தவன் கேட்டது ஒரே கேள்வி. உங்களுக்குள் எத்தனை அடுப்பு? தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம், தனி வீடு. அந்த விவரம் ஏகாம்பரத்துக்குத் தெரியாது. கூடப்பிறந்தவனோடு பிரிந்து பொங்கித் தின்கிறோம் என்று முன்பின் தெரியாத ஒருத்தனிடம் சொல்ல அவருக்கு மானம் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உஷாராணியின் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏக் ஹி சூல்ஹா, சாப்" என்றார். ஒரே அடுப்பு, ஐயா.

அவன் அப்படியே எழுதிக்கொண்டு போனான். ஒரே வீடுதான் வந்தது.

"தெரியாம சொல்லிட்டன்டா, நீயும் இங்கியே வந்து இரு" என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் வாயைத் திறக்குமுன் கோவிந்தம்மாள், "எடம் இல்லன்னா ஓரமா ஒண்டிக்கட்டும், யாரு வேணாம்ன்னா" என்றுவிட்டாள். ஒண்டிக்கட்டும் என்ற அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு உஷாராணி சங்கம் விஹாருக்கு வாடகைக்குப் போனாள். வாடகை கட்டி மாளவில்லை. வருகிற வாரம் டெல்லியையே விட்டுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு போகப்போகிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுடைய அப்பா தட்சிணாமூர்த்தி தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வடிவுக்குப் போன் போடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறானுவளா?"

"பேசிக்குவாங்கப்பா."

"இதயேதான் போன வாரமும் சொன்ன."

"இந்த வாரமும் சொல்றன். பேசிக்குவாங்க. நீ நேரத்துக்குக் கஞ்சி குடி."

அண்ணன் மகள் மஞ்சு ஒரு மாலில் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பார்க்குக்குப் பாஸ் கொடுத்தார்கள். ராட்டினம், சறுக்கு, தண்ணீர் விளையாட்டு எல்லாம் உள்ள இடம். "சித்தப்பா வந்தாதான் நானும் போவேன்" என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றது. அப்படித்தான் இந்தப் பயணம் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சண்டை இல்லாமல் கழிந்தால் போதும், ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று வடிவு மலைமந்திர் முருகனுக்கு வேண்டிக்கொண்டுதான் வேனில் ஏறினாள்.

வழியெல்லாம் அனல் காற்று. கோவிந்தம்மாள் முன்சீட்டிலிருந்தே ஆரம்பித்தாள்.

"ஏசி போடச் சொல்லு மஞ்சு. சில பேருக்குப் பழக்கம் இருக்காது, நமக்கு வேணுமில்ல."

பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. "எங்களுக்கு என்னாத்துக்கு ஏசி. நாங்க ஓரமா ஒண்டிக்குவோம்."

"உஷா, அந்தத் தண்ணி பாட்டில எடும்மா" என்று வடிவு சட்டென்று கையை நீட்டினாள். "அண்ணி, ஒங்களுக்கு முட்டி வலி எப்பிடி இருக்கு? எண்ணெ தடவுனீங்களா?" முட்டி வலியைப் பற்றிக் கேட்டால் கோவிந்தம்மாள் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். பார்க்கு வரைக்கும் முட்டி வலியே ஓடியது.

வாசலில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று குண்டானைத் தடுத்தார்கள். டிரைவரிடம் கெஞ்சி வேனிலேயே வைத்துவிட்டு வந்தாள் வடிவு. கையில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதைக் காட்டினால் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாம். தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு கட்டாயம், சேலைக்கு இடமில்லை. கோவிந்தம்மாளும் உஷாராணியும் நைலான் சட்டையும் கால்சட்டையுமாக வெளியே வந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்து, சிரிப்பு வந்தும் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடிவு மாட்டேன் என்றுவிட்டாள். எல்லாருடைய பையையும் போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அலைக்குளத்தின் கம்பி ஓரம் நிழலில் உட்கார்ந்தாள்.

அலைக்குளம் என்றால் ஒரு பக்கம் ஆழம் இல்லாமல், போகப்போக இறங்கும் பெரிய தொட்டி. சங்கு ஊதினால் இயந்திரம் அலையைக் கிளப்பும். பஞ்சாபிப் பாட்டு காதைப் பிளந்தது. தம்பி மகள் பூங்கோதைக்குப் பத்து வயது. தண்ணீர் என்றால் ஆசை, அலை என்றால் பயம். அப்பன் கையை ஒரு பக்கம் பிடித்தாள். இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தாள். பெரியவர்களின் ரோஷம் அதற்கு என்ன தெரியும்? "படே பாப்பா, ஆயியே நா! வாங்க பெரியப்பா!" என்று ஏகாம்பரத்தின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போனது.

குழந்தையை நடுவில் விட்டு இரண்டு ஆம்பிளைகளும் எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். சங்கு ஊதியது. முதல் அலை இடுப்புக்கு வந்தது. இரண்டாவது நெஞ்சுக்கு வந்தது. மூன்றாவது அலையில் பூங்கோதை வழுக்கி உள்ளே போனாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தூக்கினார்கள். ஏகாம்பரம் கால் இடறி விழப்போக, ஐயப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். குழந்தை மூக்கில் தண்ணீர் ஒழுக, "ஃபிர் சே! இன்னொருவாட்டி!" என்று கத்தியது. ஏகாம்பரம் சிரித்தார். ஐயப்பனும் சிரித்தான். பிடித்த தோளை அவன் விடவில்லை.

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகா, முருகா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் மடியில் போன் அடித்தது. அண்ணனுடைய போன். ஊரில் இருந்து சித்தப்பா மகன் அருள்மணி.

"அண்ணன் தண்ணியில நிக்கிறாரு. நான் வடிவு பேசறன், சொல்லுடா."

"யக்கா, பெரியப்பா போயிட்டாருக்கா. கஞ்சி குடிச்சாரு. சொவுத்துல சாஞ்சாரு. தூங்குறாருன்னு நெனச்சன்."

அவளுக்குக் கேட்டது, புரியவில்லை. பாட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு, "என்னாடா சொல்ற?" என்றாள். அவன் மறுபடியும் சொன்னான்.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சி. நாளைக்கு மதியமா எடுத்துக்கலாம். அதுக்குள்ள வந்துருவீங்களா? அண்ணன்ட்ட சொல்லிடு."

"சொல்றன்டா."

போனை வைத்தாள். தண்ணீரில் அண்ணனும் தம்பியும் அடுத்த அலைக்காகக் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் தம்பியிடம் என்னவோ சொன்னார். ஐயப்பன் தலையை ஆட்டினான்.

கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவைத் தனியாக விட்டது யார் என்று உஷாராணி கேட்பாள். மூத்தவனுக்கு மாடிவீடு இருந்தும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பாள். கோவிந்தம்மாள் சும்மா இருப்பாளா? இரண்டு பேரும் இரண்டு வண்டியில் ஊருக்குப் போவார்கள். அப்பன் பொணத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன் என்று நிற்பார்கள். மறுநாள் காடாத்துச் சடங்கோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் அவனவன் பாடு. ஒரு வாய்ச் சோறு சேர்ந்து தின்னட்டும், நாலு வார்த்தை பேசட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். எப்படியும் சாயங்கால விமானம்தான் பிடிக்க முடியும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளூர அவளுக்குத் தெரியும், அது நியாயம் இல்லை. போன் மறுபடி அடித்தது. அணைத்தாள். தம்பியின் போன் அடித்தது. அதையும் அணைத்தாள். பிறகு பையில் இருந்த எல்லாப் போனையும் எடுத்து ஒவ்வொன்றாக அணைத்துப் பைக்குள் போட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, எல்லாரும் கூத்தடிக்கும் இடத்தில், அப்பனுக்காக ஒரு மூச்சு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்தார்ஜி வீட்டம்மா, "கர்மி பஹுத் ஹை" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெயிலால் வந்த மயக்கம் என்று நினைத்திருப்பாள்.

மதியம் எல்லாரும் வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். வடிவு குண்டானைத் திறந்தாள். பசியில் யாரும் தட்டுக்குக்கூட நிற்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள்.

"கடலைய எனக்கு மட்டுமா வச்சிருக்க? அவனுக்கும் போடு" என்றார் ஏகாம்பரம்.

"எனக்கு வாணாம். பல்லு வலி" என்றான் ஐயப்பன், வடிவைப் பார்த்து.

"எந்தப் பல்லு?" ஏகாம்பரம் நேராகத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

மஞ்சு சாப்பிடுவதை நிறுத்தினாள். கோவிந்தம்மாள் நிமிர்ந்தாள்.

"கடவாய்ப்பல்லுண்ணா" என்றான் ஐயப்பன்.

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் பேசியது கடவாய்ப்பல்லைப் பற்றி. வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"லவங்கம் வச்சிக் கடிடா. அப்பா அதான் செய்வாரு" என்றார் ஏகாம்பரம். "இந்த மனுசன இங்க இட்டாந்திருக்கணும். அந்த அலையப் பாத்திருந்தா வேட்டியோட உள்ள எறங்கியிருப்பாரு."

"கெணத்துல ஒன்னத் தூக்கிப் போட்டுதான நீச்சல் கத்துக் குடுத்தாரு? நீ கத்துன கத்துல ஊரே கூடிடுச்சி."

"நான் கத்துனனா? நீதான் மேட்டுல நின்னுகிட்டு அண்ணன் செத்துட்டான்னு அழுத."

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. உஷாராணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"திருப்பூர் போற வழியில அப்பாவப் பாத்துட்டுப் போறன்" என்றான் ஐயப்பன்.

"தனியா போவாத. நானும் லீவு போட்டுட்டு வரன். ரெண்டு பேரும் சேந்து போய் நின்னா கெழவன் பயந்துருவாரு. அடுத்த மாசமே கூட்டியாந்து நம்ம வூட்டுல வச்சிக்கலாம். நீயும்…" ஏகாம்பரம் சோற்றைப் பிசைந்தார். "நீயும் திருப்பூருக்குப் போயித்தான் ஆவணுமாடா? நான் அன்னிக்கி பெருமைக்கிச் சொன்னன். மண்டையில ஒறைக்கல. தப்புதான்."

ஐயப்பன் தன் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தான்.

இதைவிட வேறு நேரம் கிடையாது என்று வடிவுக்குத் தெரிந்தது. அண்ணா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடுத்த மாசம் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவரின் வாயில் இன்னும் சோறு இருந்தது. அந்தச் சோற்றை எப்படித் துப்பச் சொல்வது? இறங்கட்டும் என்று விட்டாள்.

"அத்தை சாப்பிடவே இல்ல" என்றாள் பூங்கோதை.

"அத்தை அப்பறம் திம்பா. நீ சாப்டு கண்ணு."

சாப்பிட்டு முடித்து மறுபடியும் அலைக்குளத்துக்கே வந்தார்கள். இந்தத் தடவை கோவிந்தம்மாளும் உஷாராணியும் பேசாவிட்டாலும் சேர்ந்தே நடந்தார்கள். ஏகாம்பரம் தண்ணீரில் பாதி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"வடிவு, என் போனக் குடு. எல்லாரயும் வச்சி ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பலாம். அருள்மணி போனுக்குப் போட்டா காட்டிடுவான்."

"அப்பறம் எடுத்துக்கலாம்ண்ணா. கை ஈரம்." அவள் பையை அணைத்துக்கொண்டாள். "அண்ணா, செத்த இப்பிடி உக்காரு. ஒன்னு சொல்லணும்."

"போட்டோ எடுத்துட்டு உக்காரறன், குடு." பிடுங்காத குறையாக வாங்கினார். போன் அணைந்து கிடந்தது. தட்டி உயிர் வரவைத்தார். வந்த உடனேயே அது கையில் துள்ள ஆரம்பித்தது. அருள்மணிதான்.

"என்னாண்ணா இது, காலையிலேருந்து அடிக்கிறன்? கெளம்பிட்டீங்களா இல்லியா? பொணத்த வச்சிகிட்டு ஊரு சனம் கேக்குது. வடிவக்காகிட்ட அப்பவே சொன்னனே, சொல்லலியா?"

ஏகாம்பரம் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வடிவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயப்பா!" என்று ஒரு சத்தம் போட்டார். பாட்டையும் மீறிக் கேட்டது. "அப்பா போயிட்டாருடா!"

சாவு சேதி கேட்ட இடத்திலேயே தலை முழுக வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். காட்டில் கேட்டால் கிணற்றில், ரோட்டில் கேட்டால் குழாயடியில். அண்ணனும் தம்பியும் நைலான் கால்சட்டையோடு அலைக்குளத்தில் இறங்கினார்கள். சுற்றிலும் ஆயிரம் பேர் கும்மாளம் போட, கையைக் கோத்துக்கொண்டு தெற்கே பார்த்து மூன்று முழுக்குப் போட்டார்கள். மூன்றாவது முழுக்கில் எழுந்த ஐயப்பன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஏதோ புது விளையாட்டு என்று பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

கரையேறி வந்தபோது அவர்கள் இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்.

"காலையிலேயே தெரியுமா ஒனக்கு?" என்றார் ஏகாம்பரம்.

"நீங்க ரெண்டு பேரும் பேசணும்ன்னுதான்ண்ணா. அப்பா வாராவாரம் அதத்தான் கேட்டாரு…"

"அப்பன் பொணமா கெடக்கறாரு, நான் தண்ணியில கூத்தாடியிருக்கன். வவுறு முட்டச் சோறு தின்னிருக்கன். நீ பக்கத்துல நின்னு போட்டிருக்க. அடுத்த மாசம் கூட்டியாரலாம்ன்னு நான் சொல்றன், கேட்டுகிட்டுக் குந்தியிருக்க. கல்லாடி நீ?"

"சாவு சேதி கேட்ட கையோட எம் பொண்ணுக்குச் சோறு போட்டிருக்கா" என்றாள் கோவிந்தம்மாள்.

"எம் புள்ளைக்குந்தாங்க்கா" என்றாள் உஷாராணி.

வடிவு தம்பியைப் பார்த்தாள். அவளுடைய கையில் வளர்ந்தவன். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. இடுப்பில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் திரிந்திருக்கிறாள். அவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றாள்.

"எங்ககூட வராத" என்றான் ஐயப்பன். "அவரு மூஞ்சியப் பாக்கற யோக்கியத ஒனக்கு இல்ல."

மஞ்சு அழுதுகொண்டே போனில் டிக்கெட் போட்டாள். சாயங்கால விமானத்தில் இரண்டு இடம் கிடைத்தது. பொம்பளைகள் பின்னாலேயே ரயிலில் கிளம்புவது என்று முடிவானது. எல்லாரும் துணி மாற்றி வாசலை நோக்கிப் போனார்கள். "வாடா தம்பி" என்று ஏகாம்பரம் ஐயப்பனின் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார். கோவிந்தம்மாள் பூங்கோதையைக் கையில் பிடித்திருந்தாள். உஷாராணி கோவிந்தம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டாள். மஞ்சு மட்டும் நின்று, "அத்தை, நீங்க…" என்றாள்.

"நீ போ கண்ணு. அப்பாவுக்கு பிபி மாத்திரை எடுத்து வை. வெறும் வயித்துல போடக்கூடாது."

வேனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று இந்தத் தடவை வடிவு பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளைப் பெற்ற அப்பனுக்கு அவளும் பெண்தான். கடைசியாக ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க, அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட, அவளுக்கும்தான் பாத்தியதை உண்டு. அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் மறுபடியும் ஒரு சண்டை வரும்.

அவள் இன்னும் தலை முழுகவில்லை. சேதியை முதலில் கேட்டவள் அவள். அலைக்குளத்தின் படிவரை போனாள். காவலாள் விசில் ஊதினான். "மாதாஜி, சாடி மே நஹீ." சேலையோடு இறங்கக் கூடாது. சரி என்று தலையாட்டினாள். குளத்தில் இறங்குமுன் உடம்பை நனைத்துக்கொள்ள ஓரத்தில் குழாய் வைத்திருந்தார்கள். சங்கிலியை இழுத்தால் தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும். அதன் அடியில் போய் நின்றாள். காவலாள் அங்கேயும் வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வடிவு தெற்கே பார்த்துத் திரும்பிச் சங்கிலியை இழுத்தாள். வெயிலில் காய்ந்த குழாயிலிருந்து தண்ணீர் சுடச்சுட வந்தது. சேலை உடம்போடு ஒட்டியது. பின்னால் சங்கு ஊதியது, குளத்தில் எல்லாரும் ஹோவென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் வாய்விட்டே சொன்னாள்.

"பேசிக்கிட்டாங்கப்பா."